பூஜைக்காக வாயடைத்த சர்வர்கள்

ஆஸ்டின் டவுன் லாயிட்டுக்குப் படிப்பில் குறைச்சல் இல்லை. சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியே வாடகை வீட்டுச் சுவர் முழுக்க ஆணி ஓட்டை. அஞ்சாம் வகுப்போடு நின்று, சிட்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, சொந்தக் கையால் மூன்று மாடி எழுப்பியவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களைத் தட்டி எழுப்ப எந்த மெஷினும் தேவைப்பட்டதில்லை. லாயிட்டின் பிழைப்போ, மெஷின் கூப்பிட்டால் எழுந்து ஓடுவது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை மனுஷன்.

வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கவனிப்பது. அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. டிஸ்க் நிரம்பினாலோ, அறை சூடானாலோ, சர்வர் படுத்துவிட்டாலோ, பெயர் பதிந்தவர்களின் போனுக்கு உடனே தகவல் அனுப்பும். வேண்டாமென்றால் அந்தப் பதிவை ரத்து செய்துவிடலாம். இந்த ரத்தில்தான் லாயிட் சூரர். சாப்பிடும்போது போன் சிணுங்கினால் ரத்து. மேட்ச் பார்க்கும்போது சிணுங்கினால் ரத்து. அப்புறம் மறுபடி பதிந்துகொள்வார், ஞாபகம் இருந்தால்.

இப்பேர்ப்பட்டவருக்கு டீம் லீட் நாற்காலி மேல் ஆசை. தசரா விடுமுறை முடிந்ததும் அந்த நாற்காலி யாருக்கென்று மேனேஜர் ரூபினி அறிவிப்பதாக இருந்தார். போட்டிக்கு நின்றது கூட வேலை பார்க்கும் ரகு ஒருவன்தான்.

அந்தக் கம்பெனியில் சர்வர் அறைக்கும் ஆயுத பூஜை உண்டு. கதவில் வாழைக்கன்று, பெட்டிகளுக்கெல்லாம் குங்குமம். கற்பூரம் ஏற்றினால் அறை சூடாகிவிட்டதென்று வெளிநாட்டு மேலதிகாரி வரைக்கும் தகவல் பறக்கும். அதனால் பூஜை முடியும்வரை சூட்டுத் தகவலை ரத்து செய்து வைப்பது வழக்கம்.

"லாயிட், சூடு மட்டும் எடுங்க. முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடுங்க" என்றார் ரூபினி.

"என்கிட்ட விட்டுட்டீங்கல்ல மேடம், கவலைய விடுங்க."

ஒன்றைத் தேடி எடுப்பது அவர் கௌரவத்துக்குக் குறைச்சலாயிற்றே. எல்லார் பெயரிலும் இருந்த அத்தனை பதிவையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் ரத்து செய்தார். பூசணிக்காய் உடைத்தாயிற்று. வாசலில் செக்யூரிட்டி, "ஆய்த்தா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். "எல்லாம் ஆச்சுப்பா" என்று பொரிகடலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேப் ஏறிவிட்டார். பூஜை முடிந்தால் பதிவு தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நினைப்பு.

விடுமுறை முழுக்கப் போன் மூச்சு விடவில்லை.

"பாத்தியா ஐரின், நான் செட் பண்ணி வச்சா சிஸ்டம் எப்படி ஓடுது!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். அங்கே டிஸ்க் நிரம்பி, முக்கியமான சர்வர் படுத்துக் கிடந்தது. விடுமுறை முடிந்து வந்தவர்களில் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை.

ரூபினி கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு அலர்ட்டே வரலையே மேடம். சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு."

"பூஜை எப்ப முடிஞ்சுது லாயிட்?"

"அன்னைக்கு மத்தியானமே."

"முடிஞ்சுதுன்னு சாஃப்ட்வேருக்கு யாரு சொன்னது?"

பக்கத்தில் நின்ற ரகுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பூசணிக்கா உடைச்ச சத்தம் அதுக்குக் கேட்டிருக்கும்னு சார் நெனச்சிட்டாரு மேடம்."

அப்போதாவது 'தப்பு என்னுது' என்று சொல்ல வாய் வந்ததா? சாஃப்ட்வேர் செய்தவனைத் திட்டினார், லீவு விட்டவனைத் திட்டினார். அன்றைக்கே நாற்காலி ரகுவுக்குப் போயிற்று. ரத்து செய்யும் அனுமதியையும் லாயிட்டிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் காலை நீட்டி சோபாவில் சாய்ந்தார். "நல்லதாப் போச்சு விடு. லீடுன்னா ராப்பகலா போன் அடிச்சிட்டே இருக்கும். எனக்கு வேணவே வேணாம்."

ஐரின் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேணாம்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னங்க? வாராவாரம் வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு நிக்கிறனே, அது எதுக்காம்? இனிமே அந்த வேண்டுதலை ரகு பேருக்கு மாத்திடட்டுமா?"

லாயிட் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.