கெலுகோர் வேலியும் ஆரத்தித் தட்டும்

ஜெகதீஸ்வரிக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெலுகோரில் அவள் வீட்டுக்கு நேர் எதிரேதான் கிளினிக். சன்னலைத் திறந்தால் கட்டு மாற்றும் நர்ஸ், மிஸ்ஸி ஷஹீதா, தேத்தண்ணி குடிப்பது தெரியும்.

ஆனால் நடுவில் ரயில் வரப்போகிறது. ஜனங்கள் நல்லா இருக்கணும் என்று கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அதற்காக ரோட்டு நடுவே நீளத்துக்குத் தகர வேலி அடித்து, ஒரு கேட்டு வைத்துப் பூட்டி, காவலுக்கு இர்வானை உட்கார வைத்தார்கள்.

கம்பெனியைக் குறை சொல்லக்கூடாது. இலவச வேன் விட்டது. வேன் அவளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் கடல் தாண்டி அக்கரையிலிருக்கும் பிறை ஊருக்குப் போகும். அங்கே வேலையாட்களை ஏற்றி, மறுபடி கடல் தாண்டி, கிளினிக் வாசலில் இறக்கும். அதற்குள் நம்பர் கொடுத்து முடிந்திருக்கும்.

"தம்பி, கொஞ்சம் திற லா. தாண்டிடுறேன்."

"பெரியவங்க வந்தாதான் திறக்கணும்னு ஆர்டர்க்கா."

"நான் உனக்குச் சின்னவளா?"

லோரி ஓட்டும் புருஷன் புவனேஸ்வரன், "தூக்கி அந்தப் பக்கம் போடவா?" என்றான். அவள் எடைக்கு அது நடக்காது.

ரயில் வேலையைப் பார்க்க, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்தார். வரவேற்க மலாய், சீன, இந்தியப் பெண்கள் இனத்துக்கு ஒருத்தி வேண்டும். பட்டுப்புடவையில், ஆரத்தித் தட்டோடு ஜெகதீஸ்வரியை நிறுத்தினார்கள். பக்கத்தில் நாதஸ்வரம், தவில். கேட்டு விரியத் திறந்தது.

டத்தோவுக்குச் சுற்றிப் பொட்டு வைத்தவள், தட்டோடு கேட்டுக்குள் நுழைந்து கிளினிக்கைப் பார்த்து நொண்டி நொண்டி நடந்தாள். தட்டு முன்னால் போனால் மேளம் பின்னால் போகும். மேளக்காரர்களுக்கு அதுதான் பழக்கம். மேளம் போகிறதே என்று டத்தோ போனார். டத்தோ போகிறாரே என்று என்ஜினியர்கள், குடை பிடிப்பவர், ரிப்பன் கத்திரிக்கோல் வைத்திருந்தவர் எல்லாரும் போனார்கள்.

"இத்தனை பேருக்குமா புண்ணு?" என்றாள் ஷஹீதா.

"எனக்கு மட்டுந்தான் மிஸ்ஸி. சீக்கிரம் கட்டு."

டத்தோவும் நம்பர் எடுத்து உட்கார்ந்தார். பிரஷர் பார்த்தார்கள். ஏறித்தான் இருந்தது. திரும்பி வந்ததும், வெட்ட வேண்டிய ரிப்பனைக் கேட்டிலேயே கட்டச் சொல்லி வெட்டி, பொதுமக்கள் பாதையைத் திறந்து வைத்ததாகப் பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் சூப்பர்வைசர் பூட்டோடு வந்தார்.

"டத்தோ திறந்ததை நீங்களே பூட்டுங்க அண்ணே," என்றான் இர்வான். "யாரு பூட்டுனதுன்னு கேட்டா உங்க பேரைச் சொல்றேன்."

சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போன் போட்டார். பூட்டச் சொன்னது நான்தான் என்று ஆபீசிலும் யாரும் பேர் கொடுக்கவில்லை. பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கட்டு மாற்றும் நாளில் ஜெகதீஸ்வரி கேட்டைத் தாண்டினாள்.

"மேளம் இல்லையாக்கா?" என்றான் இர்வான்.

"புண்ணு ஆறட்டும். வைக்கிறேன்."