சித்திரையில் வெளியே வைத்த கறிவேப்பிலை

நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் பல குளிர்காலங்கள் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலைத் தொட்டியை, போன வருஷம் தமிழ்ப் புத்தாண்டன்று நான் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"மே பாதி வரைக்கும் ஃப்ராஸ்ட் வரும் மாமா, உள்ளயே இருக்கட்டும்" என்றாள்.

"சித்திரை பொறந்தாச்சு, இனிமே என்னம்மா குளிரு? காலேஜ்ல பசங்களுக்கு பாட்டனி எடுத்தவன் நான்" என்று அவள் வாயை அடைத்தேன்.

அந்த வாரமே உறைபனி விழுந்தது. காலையில் இலைகள் கறுத்துத் தொங்கின. அவள் கருகிய கிளைகளை வெட்டிக்கொண்டே, "உங்க ஸ்டூடண்ட்ஸ் பாவம் மாமா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஜூனில் அடித்தண்டு துளிர்த்த பிறகுதான் என்னால் அவள் முகம் பார்த்துப் பேச முடிந்தது.

இந்த வருஷம் அவள் சொல்லாமல் தொட்டியைத் தொடுவதில்லை. தரையில் நட்ட தக்காளி நாற்றுகளுக்கும், உறைபனிக்குப் போர்த்தும் பழைய போர்வையோடு போய், "இன்னிக்கு மூடணுமாம்மா?" என்று அவளிடம்தான் கேட்கிறேன்.