வீட்டுக்கு வந்தால் வலிக்கும்

ஞாயிற்றுக்கிழமை மதியப் பாத்திரம் கழுவுவது ‘லிஃப்ட்’ அண்ணனின் பொறுப்பு. அடிப்பிடித்த சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்குக் கம்பி நார் நகக்கண்ணில் குத்தியது. “ஐயோ, செத்தேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர்கள் டிவியின் ஒலியைக் குறைத்து என்னவென்று கேட்டார்கள்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. “ஆரம்பிச்சாச்சு,” என்றாள்.

லிஃப்ட் என்பது அவருக்குக் கம்பெனியில் வைத்த பேர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனி அது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதுகில் பிரிட்ஜைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் மாடி ஏறுகிற ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? போன வாரம் ஒரு பீரோவின் முனை அவர் காலில் இறங்கிவிட்டது. அவர் பாட்டுக்கு நாலாவது மாடிவரை ஏறி, பீரோவை நிறுத்தி, “இங்கயா, ஜன்னல் பக்கம் தள்ளட்டுமா?” என்று வீட்டுக்காரம்மாவிடம் நிதானமாகக் கேட்டார். “அண்ணே, படியெல்லாம் ரத்தம்,” என்று கூட வந்தவன் காட்டியபோது, “யாரோடதுடா?” என்றாராம்.

இந்தக் கதை வீடுவரை வந்து சேர்ந்ததுதான் வினை. மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புது பிரேமுக்கு ஆசைப்பட்டு, பலகையில் பானை சைஸ் எழுத்துகூடத் தெரியவில்லை என்று சாதிக்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள். அவளை ஏமாற்ற முடியாது.

“பீரோ விழுந்தப்ப வராத வலி, சட்டி கழுவுறப்ப மட்டும் பொத்துக்கிட்டு வருதாக்கும். நல்லா நடிக்கிறீங்க.”

லிஃப்ட்டுக்கு இது விரலைவிட அதிகம் வலித்தது. போகப் போக அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நாம் நடிக்கத்தான் செய்கிறோமோ? சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சினியிடம் முறையிட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிறவள் அவள்.

“நீயே சொல்லும்மா. நான் என்ன பொய்யா சொல்றேன்?”

மச்சினி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். “பொய் இல்ல மாமா. பிடரிக்கு உள்ள, மூளை வந்து முதுகெலும்போட சேருற இடத்துல மூளைத்தண்டுன்னு ஒண்ணு இருக்கு. விரல்ல குத்துன சேதி முதல்ல முதுகுத் தண்டுவடத்துக்குத்தான் போகும். மேல இருந்து மூளைத்தண்டு அதுக்கு உத்தரவு போடும். தலைபோற வேலை நடக்குறப்ப, ‘இப்ப தொந்தரவு பண்ணாத, சேதியை அமுக்கு’ன்னு சொல்லும். சும்மா நின்னு, எப்ப குத்துமோன்னு பயந்துக்கிட்டே இருந்தா, ‘இன்னும் சத்தமா சொல்லு’ன்னு தூக்கிவிடும். அங்க வலிக்காததும் நெசந்தான், இங்க வலிக்கிறதும் நெசந்தான்.”

“கேட்டியா?” என்றார் லிஃப்ட், கூடத்தைப் பார்த்து.

“கேட்டேன், கேட்டேன். எங்க வீட்டு சிங்க்கைப் பார்த்தாதான் அந்தத் தண்டுக்குப் பயமாக்கும்.” மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள். “அப்ப இதையும் மாடிப்படியாக்கிட்டா சரியாப் போச்சு. திரும்புங்க அந்தப் பக்கம்.”

முதுகில் பிரிட்ஜ் சுமக்கிறவருக்குக் காலடி தெரியாது. முன்னால் போகிற ஆள்தான் ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுப்பார். மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அதே ராகத்தில் ஆரம்பித்தாள். “படி! படி! சுவரு வருது, சாய்! வளைவு, வளைவு!”

லிஃப்ட்டின் முழங்கால் தானாக மடங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்து, சட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தேய்த்தார். கம்பி நார் இரண்டு தடவை குத்தியது. அவர் கவனிக்கவே இல்லை. டம்ளரைக்கூட பீரோ இறக்குகிற மாதிரி குனிந்து, நிமிர்ந்து, பக்குவமாக இறக்கி வைத்தார். மச்சினிக்குச் சிரிப்பில் பழம் புரை ஏறியது.

“பாத்தீங்களா, நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல!” என்று மனைவி ஜெயித்த தோரணையில் கத்தும்போதே, அவளுடைய பெரிய கண்ணாடித் தட்டு சோப்பு நுரையோடு அவர் கையிலிருந்து நழுவியது. கல்யாணமான புதிதில் வாங்கியது. விருந்தாளிக்குக்கூட எடுக்கமாட்டாள்.

“பிடி! பிடி! இடது! கீழ, கீழ!” என்று அவள் பாய்ந்தாள். லிஃப்ட் முழங்காலில் விழுந்து, தரைக்கு அரை ஜாண் மேலே தட்டை ஏந்திவிட்டார். அவள் அதை வாங்கி, விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தாள். கீறல் இல்லை. மேடையில் வைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

அப்புறம்தான், “ஆ... அம்மா! என் காலு!”

கட்டைவிரல் நகம் நாவல்பழமாகியிருந்தது.

“எப்ப இடிச்ச?” லிஃப்ட் பதறிப்போய்க் கேட்டார்.

“தெரியலையே! ஐயோ, உசுரு போகுதே!”

“தட்டு நழுவினப்பவேக்கா,” என்றாள் தங்கை. “சிலிண்டர்ல ணங்குனு இடிச்சியே. எனக்கே பகீர்னுச்சு.”

லிஃப்ட் மெதுவாக எழுந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார்.

“அப்ப இடிச்சப்ப வலிக்கல. வேலை முடிஞ்சு சும்மா நிக்கிறப்பதான் வலிக்குது. அப்படித்தான?”

அவள் காலைப் பிடித்துக்கொண்டு அவரை முறைத்தாள்.

“இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். நெசமாவே வலிக்குதா, இல்ல நீயும் நடிக்கிறியா?”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கூடத்துக்குப் போய்விட்டாள்.