மூன்று நிற நூலும் கிரேக்கப் பாடமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நான்காம் வகுப்போடு நின்றவள். வயதும் ஆகிவிட்டதால் முன்னதைப் பின்னால் சொல்லிவிடுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை நடந்த காலம். கொல்லிமலையில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மருந்து கொடுக்கிற வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் தனியாக இருந்தார். அவர் வீட்டைக் கூட்டித் தண்ணீர் எடுத்து வைப்பது என் வேலை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். யார் எது கேட்டாலும் தலையை ஆட்டுவேனே தவிர வாய் திறக்க மாட்டேன்.

ஒருநாள் தபால்காரர் மலையேறி வந்து அவரிடம் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். கிரேக்க தேசத்தில் பேசுகிற மொழிக்கு இலக்கணமாம். அன்றிலிருந்து துரைசாணிக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த மொழியில் உயிரில்லாத சாமானிலும் ஆண் பெண் உண்டு. இரண்டிலும் சேராததும் உண்டு. அதை மனத்தில் நிறுத்த அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆணுக்குச் சிவப்பு நூல், பெண்ணுக்குப் பச்சை, இரண்டும் இல்லாததற்கு வெள்ளை. அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் கட்டினேன். சுவர் ஆணாம், அதனால் அதில் அடித்திருந்த ஆணியில் சிவப்பு. கதவுக்குப் பச்சை. மேசைக்கும் மருந்துப் புட்டிகளுக்கும் வெள்ளை. கடைசியில் 'சிறுமி' என்று புத்தகத்தில் பார்த்துச் சொல்லி, என் கையிலும் ஒரு நூல் கட்டினார். பார்த்தால் வெள்ளை! அப்படியென்றால் நான் பெண்பிள்ளை இல்லையா? அன்று முழுக்கப் பாவாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாடம் ஒப்பிப்பதும் என்னிடம்தான். சாமான்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பெயரையும் நிறத்தையும் சொல்வார். சரியென்றால் தலையை ஆட்டுவேன். தப்புக்கு ஆட்டாமல் இருந்தால் அவர் முகம் வாடிப்போகும். பாவமாக இருக்கும், அதற்கும் ஆட்டிவிடுவேன். முடிவில் தினமும் ஒரே வரியைப் பத்துத் தடவை சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடுவார்.

ஒரு வாரத்தில் மருந்துக்கு வருகிற சனம் நின்றுபோயிற்று. ஏனென்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

அப்போதுதான் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வாசல் வரை வந்தவள் கதவைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இதெல்லாம் எந்தச் சாமிக்கு நேந்ததுங்க?"

எங்கள் பக்கம் பலாமரமோ கோழியோ, ஒன்றைச் சாமிக்கு நேர்ந்துவிட்டால் நூல் கட்டிவிடுவார்கள். பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இது எனக்கும் தெரியும். ஆனால் நான் கட்டியது எப்படிச் சாமி நூலாகும்?

துரைசாணி புட்டியை நீட்டினார். அம்மா பின்வாங்கினாள்.

"வேண்டாமுங்க. எம் பையன் கெடந்து போராடறான். சாமி குத்தம் வேற சேரணுமா?"

தம்பிக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பி நடந்தாள். நான் ஓடிப்போய்ப் புட்டியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"அடிப் பாவி! என்ன காரியம் பண்ணுன?"

"நாந்தாம்மா கட்டுனேன். எல்லாம் நாந்தான்."

"நீ கட்டறதுக்கு நீ என்ன பூசாரியா?"

"பாடத்துக்கும்மா. கதவு பொம்பளையாம். மருந்து ரெண்டுமில்லையாம்."

அம்மா எனக்கும் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

துரைசாணிக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். கத்தரிக்கோலை எடுத்து வந்து ஒவ்வொரு நூலாக நறுக்கினார். அவர் படித்ததெல்லாம் தரையில் விழுந்தது. அதன் பிறகுதான் அம்மா உள்ளே வந்தாள். தம்பி மருந்தைக் குடித்து, வெகுநேரம் கழித்து வியர்த்தான். உடம்பு குளிர்ந்தது.

மூலையில் ஒரு போட்டோ மட்டும் மிச்சம். பட்டாளத்து உடுப்பில் ஒரு வாலிபன். சட்டத்தில் சிவப்பு நூல். துரைசாணி அதற்கும் கத்தரிக்கோலைக் கொண்டுபோனார்.

"அது யாருங்க?" என்றாள் அம்மா.

"என் பையன்," என்றார் அவர், தெரிந்த தமிழில். "கிரேக்க தேசம் போனான். கடுதாசி இல்லை. சண்டை முடியும். நான் போவேன். கேட்பேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை அறுக்காதீங்க தாயி. நேந்துவுட்ட புள்ளையச் சாமி பாத்துக்கும். அது இருக்கட்டுமுங்க."

அது ஆணுக்குக் கட்டிய நூல், அவ்வளவுதான். சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. துரைசாணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். தம்பிக்குத்தான் காய்ச்சல் விட்டுவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறார்கள் என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

பிற்பாடு அவர் மலையிறங்கிப் போய்விட்டார். மகன் கிடைத்தானா, தெரியாது. அவர் பத்துத் தடவை சொல்லும் வரி மட்டும் இன்னும் என் நாக்கில் இருக்கிறது: 'ஈதத்தே தோன் யோ மு'. என் மகனைப் பார்த்தீர்களா என்பதாக இருக்குமோ என்று, எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தோன்றியது. அந்த மொழி தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. மற்ற சாமான்களின் நிறத்தையும் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள், மாற்றிச் சொல்லியிருப்பேன். போட்டோவில் இருந்தது சிவப்பு. அதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டியதில்லை.