பட்டியலில் விடுபட்ட பன்னிரண்டு பேர்

ஐயம்பேட்டை ராமலிங்கம் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர். கையெழுத்து அச்சுக் கோத்தாற்போல இருக்கும். 1974-ஆம் வருஷம் அவர் வேலைக்கே ஆபத்து வந்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

நான் பக்கத்தில் கூரம் கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம்தான் சங்கத்து உறுப்பினர் பட்டியல் முதல்முறையாக எங்களிடம் அச்சுக்கு வந்தது. கட்டம் போட்ட தாளில் வரிக்கு ஒரு நெசவாளர், கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து என்று ராமலிங்கம் எழுதி அனுப்பினார். அதை அப்படியே, வரிக்கு ஓர் அட்டையாக, கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் எங்கள் நிலையத்தில் துளையிட்டார்கள். பல சங்கங்களின் அட்டைகள் கலந்து வரும். அதனால் முதல் இரண்டு கட்டத்தில் கே, பி என்று இந்தச் சங்கத்தின் குறி இருந்தால் எடு, இல்லாவிட்டால் தள்ளு என்று எழுதியிருந்தேன்.

அச்சான பட்டியலில் பன்னிரண்டு பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் பட்டு நூல் கிடையாது. செயலாளர் பூவராகவன் என்னை வரவழைத்தார். ராமலிங்கம் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாதவங்களை விட்டுட்டு மெஷின் மேல பழி போடறார்," என்றார் செயலாளர். "சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா சஸ்பெண்ட்தான்."

வாசலில் நெசவாளர் பெரியநாயகி, விடுபட்டவர்களில் ஒருத்தி. "தறி காலியா கெடக்குதுபா. உங்க கம்ப்யூட்டர் வந்து நெய்யுமா?"

"நான் எழுதினேம்மா," என்றார் ராமலிங்கம். அனுப்பிய தாள்களின் கார்பன் நகல்களை எடுத்து வைத்தார்.

ஒப்பிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு தாள், விடுபட்ட எல்லாரும் ஒவ்வொரு தாளின் முதல் வரி. அந்த வரியின் முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி. கே இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

"அது போடாம தாளை எப்படி ஆரம்பிக்கிறது தம்பி? நீங்க போட மாட்டீங்களா?"

நானும் பரீட்சைத் தாளில் போட்டவன்தான். துளையிடும் பெண்ணின் இயந்திரத்தில் சுழி கிடையாது. அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறாள். என் புரோகிராம் அந்த அட்டைகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது.

"தப்பு என்னுது சார். முன்னால வெறும் கட்டம் இருந்தா தாண்டிப் பாக்கச் சொல்லியிருக்கணும். தள்ளின அட்டையையாவது காட்டச் சொல்லியிருக்கணும்."

"கட்டத்துக்குள்ள சுழி போட்டது?" என்றார் செயலாளர்.

"அது அவர் தப்பு. ஆனா பேரை விட்டது அவர் இல்ல."

"எழுதிக் குடுப்பியாப்பா?"

என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயலாளர் இரண்டு தடவை படித்தார். பன்னிரண்டு பேரையும் மறுபடி எழுதினால் அதை வைத்தே இன்றைக்கு நூல் தரலாம் என்றார்.

ராமலிங்கம் புதுத் தாளை விரித்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"எங்க தம்பி போடட்டும்?"

"கட்டத்துக்கு வெளியே, மேல ஓரத்துல."

போட்டுவிட்டு, முதல் வரியில் பெரியநாயகியின் பேரை எழுதினார்.