என் நைனா ஓடிப்போகவில்லை

செஞ்சியில் கடலை மில்காரர் என்றால் அது நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அனந்தபுரத்துக்கும் வல்லத்துக்கும் நடுவே விளைந்த கடலையில் பாதி என் மெஷினில்தான் உடைந்தது. யாரும் கைதூக்கி விடவில்லை. இத்தனை இருந்தும் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரே பெயர்தான்: ஓடிப்போனவன் மவன்.

நான் அம்மா வயிற்றில் இருக்கும்போது நைனா பட்டாளத்தில் சேர்ந்து பர்மா சண்டைக்குப் போனார். திரும்பவில்லை. பட்டாளத்தை விட்டு ஓடிப்போய் ரங்கூனில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்று ஊரெல்லாம் சொன்னவர், பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பா. ஓடிப்போனவனுக்கு ஏது பங்கு என்று எங்கள் நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டார். அம்மா செத்தபோது பிணத்துக்குப் பூவும் குங்குமமும் வைக்கலாமா கூடாதா என்று அரைநாள் சண்டை. "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு எந்த மொறையும் கெடயாது" என்றார் பெரியப்பா. பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு அவர் மகனும் சண்டைக்கு நின்றான். நானே பூவை வாங்கி வைத்தேன். அன்றைக்கு மனசில் ஒன்று முடிந்துகொண்டேன்.

கையில் நாலு பேர் மதிக்கிற நிலை வந்ததும் நைனாவின் பட்டாளத்து ரெக்கார்டைத் தேட ஆரம்பித்தேன். விழுப்புரம் போனேன், சென்னை போனேன், டெல்லிக்கு எழுதிப் போட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: அந்தப் பெயரில் ஆள் இல்லை. அப்படியானால் ஓடியது நிஜந்தானோ என்று நானே சில நாள் நினைத்திருக்கிறேன். அந்த நினைப்புக்காகவும் சேர்த்துத்தான் பின்னால் பழி வாங்கினேன்.

போன வருஷம் மில் இடத்துக்காகப் பழைய பத்திரங்களை எடுத்தபோது, தாத்தா எழுதிய ஒன்றில் 'என் மகன்' என்று நான் கேட்டே இராத ஒரு பெயர் இருந்தது. அது தாத்தாவைப் பெற்றவரின் பெயர். எங்கள் பக்கம் பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பார்கள். நைனாவைப் பெற்றவள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று மகனை வேறு பெயரில் கூப்பிட்டாள்; அதுவே நிலைத்துவிட்டது. அம்மாவோ புருஷன் பெயர் எதையுமே சொன்னதில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்களின் மரியாதையில் ஒரு மனுஷன் பெயரே காணாமல் போயிருந்தது. நானும் முப்பது வருஷமாகக் கூப்பிடும் பெயரையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டரில் அந்தப் பெயரைப் போட்டதும் ரெக்கார்டு வந்துவிட்டது. பட்டாளத்து நம்பர், தகப்பன் பெயர், இங்கிலீஷில் கடித்துக் குதறப்பட்ட எங்கள் ஊர்ப் பெயர். பர்மாவில் சண்டையில் இறந்தார் என்று இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. முதலில் ஞாபகம் வந்தது பெரியப்பா மகனின் மீசைதான்.

பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் இருக்கிறான், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். வெள்ளை மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டுதான் வீதிக்கு வருவான். அவன் பேத்திக்குக் கல்யாணம் வைத்திருந்தான். நான் அதற்கு ஒரு வாரம் முன்னால் நைனாவுக்குக் கருமாதி வைத்தேன். கருமாதி என்றால் பங்காளி வந்து மீசை எடுத்தாக வேண்டும். எடுக்காதவரை பங்காளி வீட்டுக்கும் தீட்டு கழியாது. ரெக்கார்டைப் பெரிதாக பிளெக்ஸ் அடித்து அவன் வீட்டுக்கு எதிரிலேயே கட்டினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் கருமாதிப் பத்திரிகை போயிற்று.

கல்யாணம் முடியட்டுமே என்று ஆள் அனுப்பினான். மாட்டேன் என்றேன். தீட்டுள்ள வீட்டில் தாலி கட்ட மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பிறகு வந்தான்.

ஏரிக்கரையில் தர்ப்பையால் நைனாவுக்கு உருவம் செய்து படுக்க வைத்திருந்தோம். நாவிதர் முன்னால் உட்கார்ந்தவன் மீசையைக் கையால் மூடிக்கொண்டான்.

"தலைய வேணா எடுத்துக்கோ. மீச வேணாம்டா."

"ஓடிப்போனவனுக்குத்தாண்ணே மீச எடுக்க வேணாம். எங்க நைனா செத்தாரு."

மூடிய கையை எடுக்காமலே சொன்னான்.

"தெரியும்டா. நான் சின்னப் பையனா இருக்கசொல்ல பட்டாளத்துலேர்ந்து கடுதாசி வந்துச்சி. பூட்டன் பேருக்கு வந்துகிதேன்னு எங்க நைனா சிரிச்சாரு. தபால்காரரு படிச்சி சொன்னாரு. அப்புறம் சிரிக்கல. பொட்டியில வச்சி பூட்டிட்டாரு."

"அப்பவே தெரியுமா?"

"சொன்னா தோல உரிச்சிடுவேன்னாரு."

"அவரு செத்து இருவது வருசம் ஆச்சே. அப்புறம் யாரு உரிச்சிருப்பா?"

கையை எடுத்தான். நாவிதர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினேன். ஒரு பக்கம் போனது, மறுபக்கமும் போனது. இரண்டாம் தடவையும் வழிக்கச் சொன்னேன்.

பாவம், வயசானவனை இப்படிச் செய்யலாமா என்று வீட்டில் கேட்டார்கள். அம்மாவின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டபோது அவனுக்கு வயசாகவில்லை, கடுதாசி விஷயமும் தெரியும். கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். போட்டோகிராபர் அவனை நிறுத்திப் படம் எடுக்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன், நைனாவுக்காக மழித்த என் முகத்தோடு. ஆல்பம் வந்துவிட்டதாம். போய்ப் பார்க்க வேண்டும்.