தரை தொடாத இரண்டு சக்கரங்கள்

வண்டிக்குப் பூசை போட்ட அன்றைக்கு வீட்டு வாசலில் இருந்தது நான், என் மனைவி, அவள் தம்பி, கற்பூரம் காட்ட வந்த பூசாரி. நாலே பேர்.

நெய்வேலியில் அதுவரை நான் ஓட்டியதெல்லாம் அடுத்தவர்களின் ஆறு வீல் டிப்பர். தொட்டி தூக்கும், மண் சரியும், வீட்டுக்கு வந்துவிடலாம். இது பன்னிரண்டு வீல் லோடு லாரி. பழையதுதான், ஆனால் கடன் வாங்கி எடுத்த சொந்த வண்டி. மத்தியானத்துக்குள் நிலக்கரி யார்டில் வரிசையில் நிற்காவிட்டால் முதல் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும்.

பூசைக்கு நாலு எலுமிச்சம்பழம் போதும் என்றார் பூசாரி. எனக்கு மனசு கேட்கவில்லை. மீதி எட்டு சக்கரம் என்ன பாவம் செய்தது? பன்னிரண்டு வாங்கி வந்தேன். பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கும் சக்கரங்களில் உள்பக்கத்துக்கும் வைக்க வேண்டுமென்று சேசிஸுக்கு அடியில் ஊர்ந்து போனேன்.

"இன்னா மாமா, ஊறுகா போடப் போறீங்களா?" என்றான் மச்சான்.

கிளட்சை விட்டு மெதுவாக நகர்த்தி, இறங்கிச் சுற்றி வந்து பார்த்தேன். பத்துப் பழம் நசுங்கியிருந்தது. நடுவில் இரண்டு முழுசாகக் கிடந்தன. அபசகுனம் என்று ஏறிப் போய்ச் சாவியை உருவிக்கொண்டு வந்தேன்.

"இன்னைக்கு எடுக்க வேணாம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு லோடு குடுப்பாங்களா?" என்றாள் மனைவி. குனிந்து, அந்தச் சக்கரத்துக்கு அடியில் கையை நுழைத்தாள். விரல்கள் மறுபக்கம் வந்தன. "தரையிலயே படலியேங்க. அப்புறம் எப்பிடி நசுங்கும்?"

காலி வண்டியில் டயர் தேயாமலிருக்க அந்த நடு அச்சைத் தூக்கி வைத்திருப்பார்கள். பாரம் ஏற்றியதும் சுவிட்சைத் தட்டி இறக்க வேண்டும். விற்றவர் சொல்லித்தான் கொடுத்தார். அந்நேரம் நான் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததால் காதில் ஏறவில்லை.

பூசாரி திருநீற்றுத் தட்டால் வாயை மறைத்துக்கொண்டார். மச்சான் மறைக்கக்கூட இல்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பழத்தையும் எடுத்துக்கொண்டு போய், உப்புப் போட்டுப் பிழிந்து சொம்பில் கொண்டு வந்தாள்.

"பூசைப் பழமாச்சே?"

"அதான் ஒடம்புக்கு நல்லது. வாய் ஒலந்து போய்க் கெடக்குது, குடிங்க."

பாதி குடித்துவிட்டு அவளிடம் நீட்டினேன். மீதியை அவள் குடித்தாள். வண்டியை எடுத்தேன்.

யார்டில் லோடு ஏறியதும் சுவிட்சைத் தட்டினேன். இறங்கிப் போய், நடுச் சக்கரத்தின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. போனில் அவளிடம் சொன்னேன்.

"எறங்கிடுச்சில்ல? சரி, சாப்ட்டுட்டு எடுங்க," என்றாள்.

அந்த வாடகையில் டீசல் போக நின்றதை அப்படியே கடனில் கட்டினோம். இன்று வரை கட்டியது போக பாக்கி ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.